எதிர்ப்பாட்டுக்காரன்

அருள்புரம்
5.2.2006

அன்புள்ள தமிழ்மதிக்கு,

அப்பா எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் என் மானம் போன கதையைக் கேள்.

நேற்று உன் பாட்டைக் கம்பெனியில் போட்டேன். போட்டேன் என்றால், போடப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் தையல் பிரிவில் பாட்டு ஓடுமே, அந்த சி.டி. பிளேயரில்தான். காலையிலிருந்தே டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர் என்று ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தேன். மேனேஜர் அறைக்கே போய் அழைத்தேன். அவரும் டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நான் கட்டிங் மாஸ்டர் என்பதை மறந்து, கல்யாண வீட்டுக்காரன் மாதிரி எல்லோரையும் கையமர்த்திவிட்டு சி.டி.யை உள்ளே தள்ளினேன். அது சுற்றியது. சுற்றிவிட்டு, உள்ளே தட்டே இல்லை என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை என்றது. ஊரே பார்க்க உள்ளே தள்ளிய தட்டை இல்லை என்கிறது.

செக்கிங் நல்லம்மாள், “மாஸ்டர், பொண்ணு ரொம்ப மெதுவாப் பாடுதுங்களா?” என்றாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மேனேஜர் சிரிக்காமல் போனார் பார், அதுதான் வலித்தது.

சாயங்காலம் வேறு வழியில்லாமல் நம் எதிர்ப்பாட்டுக்காரனிடம் காட்டினேன். அவன்தான், ஜெயபாண்டி. உசிலம்பட்டியிலிருந்து வந்து, நம் காம்பவுண்டில் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, பகலில் கம்ப்யூட்டரில் எம்பிராய்டரி டிசைன் போட்டு, மீதி நேரமெல்லாம் கீபோர்டு தட்டுகிறவன். உனக்குத் தெரியாததையா சொல்கிறேன். பொங்கல் லீவில் நீ வந்து நம் பழைய கம்ப்யூட்டரில் அவனோடு பாடிப் பதிவு செய்துவிட்டுப் போனதிலிருந்து இந்த வீட்டில் அவன் பேச்சுத்தான். உன் அம்மா என் டம்ளரிலேயே அவனுக்குக் காப்பி ஊற்றுகிறாள்.

சி.டி.யைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னான். “நீங்க ஏத்துனது வெறும் பேட்டர்ன் அட்டைண்ணே. துணி இன்னும் கம்ப்யூட்டருக்குள்ளதான் கெடக்கு.” உன் குரல் ஒரு லேயர், கீபோர்டு ஒரு லேயர், அவன் குரல் ஒரு லேயர். மூன்றையும் சேர்த்து எக்ஸ்போர்ட் என்று கொடுத்து ஒரே பாட்டாக்கி, அப்புறம் ஆடியோ சி.டி. என்பதைத் தேர்ந்தெடுத்து ரைட் பண்ண வேண்டுமாம். நான் ஏற்றியதில் எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருந்ததாம். எக்ஸ்போர்ட் என்றால் என்ன என்று எனக்கு ஒருவன் சொல்லித் தருகிறான், கண்ணு. நான் இந்த ஊரில் பனியன் எக்ஸ்போர்ட் பண்ணித்தான் சோறு தின்கிறேன்.

தானே பண்ணித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். என் மகள் பாட்டை அனுப்ப எனக்குத் தெரியாதா? ஒரு வாரத்தில் சி.டி. வரும்.

இப்போது நலம். நலமறிய ஆவல்.

உன் அப்பா
ஆத்தப்பன்


சேலம்
10.2.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நானும் ரூமில் இருக்கிற மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நல்லம்மாள் அக்கா சொன்னதை ஒருத்தி பாத்ரூம் கதவில் எழுதியே வைத்துவிட்டாள்.

ஆனால் அப்பா, நேரம் குறைவாக இருக்கிறது. ஆண்டு விழா மார்ச் பதினொன்று. பி.எட். பிள்ளைகள் பதினாறு பேர் இந்தப் பாட்டுக்கு ஆடுகிறோம். நான் எழுதின பாட்டு என்றதும் பிரின்சிபால் மேடமே பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பெனி வேனுக்கு நிற்கிற பெண்ணாக எட்டுப் பேர், வேனுக்குள்ளிருந்து பதில் சொல்கிறவராக எட்டுப் பேர். அவள் கேட்பதும் அவன் சொல்வதுமாகத்தானே முழுப் பாட்டும் போகிறது?

*ஆறு மணி வேனுக்கு அவசரமாப் பின்னி வந்தேன்*
*ஈரத்தலை காயலையே, என்ன செய்ய நானு?*

*ஜன்னலோரம் காத்தடிக்கும், எடம் புடிச்சு வெச்சிருக்கேன்*
*காஞ்சிரும் வா மெல்ல, ஏறிக்க நீ வேனு*

மைக் செட்காரர் ஆடியோ சி.டி. மட்டும்தான் ஓடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீங்கள் சிரமப்பட வேண்டாம். ஜெயபாண்டியிடம் கொடுங்கள். அவருக்குப் பத்து நிமிஷ வேலை. அவர் செய்தால் சத்தமும் சரியாக வைத்துக் கொடுப்பார்.

ஹாஸ்டல் போனுக்கு அடிக்காதீர்கள். வார்டன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நாம் பேசுகிற எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

தமிழ்மதி


அருள்புரம்
16.2.2006

அன்புள்ள கண்ணுக்கு,

இத்துடன் சி.டி. வருகிறது. ஆடியோ சி.டி. உன் ‘அவர்’ கை படாமல் உருவானது. உன் கடிதத்தில் ‘அவர்’ எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணவில்லை. எண்ணுகிற ஆளா நான்?

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா சோமனூரில் ஒரு சீருக்குப் போயிருந்தாள். அவன் கம்பெனியில் ஓவர்டைம். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். திறந்து பார்த்தால் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேஜையில் துணி விரித்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக லேயர் அடுக்கியிருக்கிறது. அதில் வேண்டாததை வெட்டி எடுத்துவிட்டு வேண்டியதை வைத்தால் முடிந்தது. இதைத்தானே நான் தினமும் செய்கிறேன்?

ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். கேள்வி கேட்பது அப்படியே நீதான். பதில் சொல்கிறவரை மட்டும் மாற்றினேன். அனுபவமுள்ள ஆள். பல்லடம் ரோட்டில் மொபெட்டின் முன்னால் உன்னை நிறுத்திக்கொண்டு, நீ ஒரு வரி பாட இவர் ஒரு வரி பாடி, லாரிக்காரர்களே வழிவிடும்படி பாடினவர். யார் என்று நீயே கேட்டுக் கண்டுபிடி.

நீ பாடியபோது ஜன்னலில் மாட்டியிருந்தாயே, சத்தம் வராமலிருக்க நான் கொண்டுவந்த கனத்த ஃபிளீஸ் துணி வேஸ்ட், அதையே மாட்டினேன். உள்ளே வெந்துபோனேன். பனியனைக் கழற்றிவிட்டுத்தான் பாடினேன். ஆனால் குரலில் அது தெரியாது.

கம்பெனியில் போட்டுப் பார்க்கவில்லை. பட்டது போதும். பக்கத்து வீட்டு பிளேயரில் முதல் வரி மட்டும் ஓட்டினேன். உன் குரல் கணீரென்று வந்தது. அதற்குள் அவர்கள் வீட்டில் சீரியல் நேரமாகிவிட்டது.

எக்ஸ்போர்ட் தரம். ரிஜெக்ட் ஆகாது. உன் சிநேகிதிகளிடம் போட்டுக் காட்டிவிட்டு எழுது.

உன் அப்பா


சேலம்
22.2.2006

அப்பா,

போட்டுக் காட்டினேன்.

முதலில் நான் மட்டும் கேட்டிருக்க வேண்டும். உங்கள் மேல் இருந்த நம்பிக்கையில் நேராக ஒத்திகைக்கே எடுத்துப்போனேன். பதினாறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். பிரின்சிபால் மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கேட்கிறேன், ஈரத்தலை காயலையே என்று. பதிலுக்கு நீங்கள் வருகிறீர்கள். அது என் சுருதி அப்பா. உங்கள் குரல் அங்கே ஏறவில்லை. ஏறாத குரலை நீங்கள் இழுக்கிறீர்கள். ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பதாக எங்கள் அப்பா பாட, வேனுக்குள் இருக்க வேண்டிய எட்டுப் பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். மேடம், “யார் இந்தத் தாத்தா?” என்று கேட்டார். எங்க அப்பா என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் சொன்னேன்.

இன்னொன்றும் கேட்டது. உங்கள் குரலுக்குப் பின்னால் சன்னமாக அவர் குரல். முதலில் ஏதோ எதிரொலி என்றுதான் நினைத்தேன். அப்புறம் புரிந்தது. அவர்தான் முதலில் பாடிப் பதிந்தார். அதை நான் ஹெட்போனில் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டேதான் பாடினேன். ஹெட்போனிலிருந்து கசிந்தது என் மைக்கில் ஏறியிருக்கிறது. அவருடைய லேயரை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். என்னுடையதில் அவர் இருக்கிறார். நீங்கள் தப்பாகப் பாடுகிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அவர் சரியாகப் பாடுவது மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதை நான் எப்படி எழுதினாலும் நீங்கள் வேறு மாதிரிப் படிப்பீர்கள். பாட்டைத்தான் சொல்கிறேன்.

மொபெட் கதையை எழுதியிருந்தீர்கள். அதனால் சொல்கிறேன். அப்போதெல்லாம் நாம் சேர்ந்து பாடியது நன்றாக இருந்ததற்குக் காரணம், உங்களுக்காக நான் இறக்கிப் பாடினேன். என் இடம் அது இல்லை. இத்தனை வருஷமும் உங்களோடு பாடும்போதெல்லாம் இறக்கித்தான் பாடினேன்.

பழைய பதிவை அப்படியே, மூன்று லேயரும் சேர்த்து அனுப்புங்கள்.

தமிழ்மதி


அருள்புரம்
25.2.2006

மதிப்பிற்குரிய தமிழ்மதி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்ட பழைய பதிவை அனுப்ப இயலாமைக்கு வருந்துகிறேன். அன்று வேலை நடுவில் கரண்ட் போய்விட்டது. அதில் அந்த ஒரு லேயர் மட்டும் அழிந்துவிட்டது. கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலும் இல்லை. அதை நான் காலி செய்துவிட்டேன். கட்டிங் மேஜைக்குக் கீழே வேஸ்ட் கிடந்தால் எனக்கு ஆகாது என்பது தங்களுக்குத் தெரிந்ததே.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் கரண்ட் போன கதை எனக்கே நிற்கவில்லை. அடித்துவிட்டு எழுதப் பேப்பர் இல்லை. இருக்கட்டும்.

சிவப்புப் பட்டையும் வெள்ளையும் சேர்த்துத் தைத்த பனியன் ஒருமுறை எங்களுக்குத் திரும்பி வந்தது. துவைத்ததும் சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டதாம். பட்டையை மட்டும் பிரித்து எடுத்தால் போதும் என்று நான் சொன்னேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தபோது அதே பார்வை.

தாத்தா என்று சொன்னதற்காக உங்கள் மேடத்தின் மேல் வருத்தமில்லை. பனியன் இல்லாமல் பாடினால் அப்படித்தான் கேட்கும்போல.

பொங்கலன்று நீங்கள் பதிவு செய்தபோது நான் கதவோரம் நின்றிருந்தேன். அவன் பாடியதை நீ ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாய். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருக்கிற இடம் வந்தது என்று உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எந்த ஊர் வேன், எந்த ஜன்னல்? இவன் யார் இடம் பிடித்து வைக்க?

உன் அம்மாவிடம் கேட்டேன். “ஏனுங்க, பாட்டுல வர்ற வேனுக்குப் போயி ஆராச்சும் சண்டை கட்டுவாங்களா?” என்கிறாள்.

ஒன்று மட்டும் எழுது. எத்தனை வருஷமாக இறக்கிப் பாடுகிறாய்?

ஆத்தப்பன்


சேலம்
28.2.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

‘தமிழ்மதி அவர்களுக்கு’ என்று எழுதியதைப் பார்த்து அழுதேன். பிறகு கரண்ட் போன கதையைப் படித்துச் சிரித்தேன். ரூமில் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள்.

மூன்றாவது படிக்கும்போதிலிருந்து. முதலில் தெரிந்து செய்யவில்லை. மேலே பாடினால் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பீர்கள். இறக்கினால் கூடவே வருவீர்கள். நீங்கள் கூட வருவதுதான் எனக்குப் பிடித்தது. கஷ்டப்பட்டு இறக்கினேன் என்று நினைக்காதீர்கள். போன கடிதத்தில் உங்களைக் காயப்படுத்தத்தான் அப்படி எழுதினேன். ஆனால் அது பொய்யில்லை.

ஜெயபாண்டி முதல் நாள் கீபோர்டைத் திறந்ததும், “ஒங்களுக்கு எந்தச் சுருதி வசதி?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை அப்பா. யாரும் கேட்டதில்லை, நானும் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டையாக ஏற்றி ஏற்றிப் பார்த்தோம். ஓரிடத்தில் எனக்கே என் குரலைக் கேட்டுப் பயமாக இருந்தது. அவர் அங்கேயே நிறுத்தினார். அது அவருக்கு வசதியான இடமில்லை. அது நன்றாகத் தெரிந்தது.

நீங்கள் கதவோரம் நின்றதும் எனக்குத் தெரியும். நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காததற்கும் பதில் எழுதுகிறேன். அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கடிதம் எதுவும் போடவில்லை, தபால்காரரைக் கேட்க வேண்டாம். நானும் எதுவும் சொல்லவில்லை. இனி சொல்லவே மாட்டேன் என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் செய்ய எனக்கு வராது.

இப்போதைக்குப் பாட்டு. பதில் வரி இல்லாமல் எட்டுப் பேர் மேடையில் சும்மா நிற்க முடியாது. எட்டாம் தேதிக்குள் வராவிட்டால் வேறு பாட்டுக்கு ஆடச் சொல்லிவிட்டார்கள். அவரிடம் போய் மறுபடி பாடித் தரச் சொல்லிக் கேளுங்கள். நீங்களே கேளுங்கள், அம்மாவை அனுப்பாதீர்கள்.

தமிழ்மதி


அருள்புரம்
6.3.2006

அன்புள்ள கண்ணுக்கு,

சி.டி.யைச் சேலம் போகிற நம் கம்பெனி வேன் டிரைவரிடமே கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதமும் அதோடுதான் வருகிறது. இது சரியான சி.டி.தான். இன்று சாப்பாட்டு நேரத்தில் தையல் பிரிவில் முழுசாக ஓட்டிப் பார்த்தேன். இந்தத் தடவை யாரையும் அழைக்கவில்லை. அவர்களாக வந்து நின்றார்கள்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் அறைக்குப் போனேன். இரண்டு தடவை கதவு வரை போய், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வந்தவன் மாதிரி திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை அவனே வெளியே வந்து, “வாங்கண்ணே” என்றான். உன்னுடைய பாட்டில் ஒரு லேயர் காணோம், கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். எந்த லேயர் என்று அவன் கேட்கவில்லை.

வந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். அவன் குரல் இருந்த இடத்தில் என் குரல். அதற்கு நான் இங்கிலீஷ் எழுத்தில் ‘அப்பா’ என்று பெயர் வேறு வைத்திருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “வைரஸ் தின்னுருக்கும்ணே. இந்த சிஸ்டத்துல அப்பப்ப நடக்குறதுதான்” என்றான். எனக்கு இப்படி ஒரு பெயரும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் பாடியதைப் போட்டுக் கேட்டான். வேண்டாம் என்றேன், கேட்டான். சிரிக்கவில்லை. தாளம் சுத்தமாக இருக்கிறது என்றான். பாராட்ட ஏதாவது கிடைக்குமா என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறான், பாவம். அதை அழித்துவிடலாம் என்று நான் மவுசைப் பிடித்தேன். அவன் விடவில்லை. அழித்தால் திரும்பி வராதாம். ஊமையாக்கி வைத்தால் போதுமாம், எக்ஸ்போர்ட்டில் சேராதாம். அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் இத்தனை வினையும் இல்லை. அவனை ஊமையாக்கியிருப்பேன். இப்போது நான்தான் ஊமை.

பிறகு ஜன்னலில் துணியை மாட்டிவிட்டுப் பாடினான். ஹெட்போன் அவன் காதில். நீ பாடுகிற வரிகள் எனக்குக் கேட்காது. அந்த நேரத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே முடிகிறது என்பதெல்லாம் அந்த முகத்திலேயே எனக்குத் தெரிந்தது. இதற்குமேல் நான் எழுத மாட்டேன். நீ புரிந்துகொள்கிற பிள்ளை. அப்போது எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது. உன் குரலை நான்தான் முதலில் கேட்டேன், பிறந்த அன்றைக்கே. ஆனால் இப்படி வாயை மூடிக்கொண்டு கேட்டதில்லை. என் வரி எப்போது வரும் என்று காத்திருந்ததுதான் அதிகம்.

மேலே போகிற இடத்தில் அவனுக்குக் குரல் உடைந்தது. மறுபடி பாடினான், மறுபடி உடைந்தது. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்ததை மறைக்கப் போவதில்லை. அதே சந்தோஷத்தில் அவனிடம் கேட்டேன், கம்ப்யூட்டரில் மொத்தப் பாட்டையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ள முடியுமாமே, இறக்கிக்கொண்டால் உனக்குச் சுலபம்தானே என்று. அவன் என்ன சொல்வான் என்று பார்க்கத்தான் கேட்டேன்.

“எறக்கலாம்ணே. ஆனா அவங்க கொரல் அவங்க கொரலா இருக்காது” என்றான். தண்ணீர் குடித்தான். “அவங்க எடம் அதுண்ணே. நான்தான் அங்க போயி நிக்கணும்.”

அடுத்த தடவை போய் நின்றுவிட்டான். இன்னும் கொஞ்சம் சிரமம் தெரிகிறது. நீ கேட்டால் கண்டுபிடிப்பாய். எனக்கு அந்தச் சிரமம் பிடித்திருந்தது.

எக்ஸ்போர்ட்டை என் கையாலேயே பண்ணச் சொன்னான். மூன்று லேயரும் இருக்கிறதா என்று பார்த்தேன், என்னுடையது ஊமையாக இருக்கிறதா என்று பார்த்தேன், பட்டனை அழுத்தினேன். ஆடியோ சி.டி. என்று தேர்ந்தெடுத்து ரைட் பண்ணினேன். உன் அம்மா இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். என் டம்ளர் எனக்கே வந்தது. அவளுக்கும் ஏதோ புரிந்திருக்கிறது.

விழா முடிந்து லீவு கிடைத்ததும் வா. நீ சொல்ல வேண்டியது இருந்தால் சொல். நான் கத்துவேன். கத்தி முடிக்கிற வரை பொறுத்துக்கொள். சாப்பாட்டில் காரம் குறைத்துக்கொள், தொண்டைக்கு ஆகாது.

உன் அப்பா
ஆத்தப்பன்

பி.கு. அவன் கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பைத் தேடினான். அப்போது ஒன்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பத்தடி தள்ளியிருக்கிற அறைக்குப் போகிறவனைப் பார்த்துப் பத்திரமாகப் போ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சொல்ல நினைத்தது இதுதான்: எம் புள்ள பக்கத்துல இருக்கறவனுக்கே தெரியாம எறக்கிப் பாடிருவா, உனக்காகவும் அப்படிப் பாடுவா. நீ கேட்டுக் கண்டுபுடிச்சிரு, கண்ணு.